இன்னும் கொஞ்சம் பின்னுக்கு

அந்த இடம் என் கண்ணில் விழுந்தது கற்பிட்டி பஸ்ஸில். யுத்தம் முடிந்து ஆறேழு வருடம் இருக்கும். தை மாதம், மழை விட்டு ஒரு கிழமை. பாலாவியில் ஏறியதிலிருந்து கைத்தொலைபேசியில் நியூசிலாந்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மாம்புரி தாண்டியதும் சிக்னல் அறுந்து, ஒரு மலைச்சரிவு பாதியோடு நின்றுவிட்டது. எரிச்சலோடு தலையை நிமிர்த்தினேன். யன்னலுக்கு வெளியே, கடல்தண்ணீர் உள்ளே தேங்கிக் கிடக்கும் களப்புப் பக்கம், மிச்சப் பாதி இருந்தது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. கணினியைத் திறந்தால் முதலில் வருமே, நீல வானமும் ஒரு மாசுமில்லாத பச்சை மேடும், அதைத் தட்டையாக்கிக் களப்போரத்தில் யாரோ விரித்துவிட்ட மாதிரி. சித்திரை, வைகாசியில் அதே இடத்தைப் பார்த்தால் கண் கூசும். உப்புப் பூத்த வெள்ளைத் தரை, அங்கங்கே செத்துக் காய்ந்த நண்டு, அவ்வளவுதான். மழைக்குப் பிறகு அந்த உப்புத் தரையில் உமரிப் பூண்டு முளைத்து, இடையிடையே பாசி படர்ந்து, ஓரிடத்திலும் மண் தெரியாத பச்சை. அந்தப் பாதையால் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அடுத்த தரிப்பில் இறங்கிவிடலாமா என்று எழும்பினேன். பிறகு இருந்தேன். திரும்ப எழும்பினேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், "இறங்கிறதெண்டா இறங்கு பிள்ளை, இல்லாட்டி இரு. என்ர மடியில மீன் இருக்கு" என்றா.

அப்போது உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிடும் வரை பார்த்துக்கொண்டிருந்த காலம். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வராது. அதனால் புத்தளத்தில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்து கலியாண வீடுகளில் கமெரா பிடித்தேன். மிச்ச நேரமெல்லாம் பச்சைதான். ஐஸ்லாந்தில் கறுப்புப் பாறைக்கு மேல் மெத்தை மாதிரி வளர்ந்த பாசி, பாலித் தீவின் படிக்கட்டு வயல்கள், அயர்லாந்தின் சதுப்பு வெளிகள், குரோஷியாவில் காட்டுக்குள் ஏரிக்குக் கீழே ஏரியாக இறங்கும் பச்சைத் தண்ணீர். எதற்கு எந்த மாதம் போகவேண்டும், எந்த மூலையில் நின்றால் படம் நன்றாக வரும் என்று கேட்காத ஆட்களுக்கும் சொல்லுவேன். நான் கொழும்புக்கே நாலைந்து தடவைதான் போயிருக்கிறேன் என்பது வேறு கதை.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து தொற்றியது என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் வன்னியில் வயல் செய்தவர்கள். யுத்தத்துக்குள் இடம்பெயர்ந்து, தென்னையும் மணலுமான இந்தக் கரைக்கு வந்து தங்கிவிட்டார்கள். நான் கைக்குழந்தையாக வந்தவள். பாதை திறந்த பிறகு அப்பா ஒருமுறை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு வயலுக்குள் இறக்கிவிட்டார். கணுக்கால் புதைந்தது. கெண்டைக்கால் புதைந்தது. பயந்துபோய் அவருடைய சேர்ட்டைப் பிடித்தேன். அதோடு நின்றுவிட்டது, அடியில் கெட்டித் தரை. "பார், இதுக்கு மேல போகாது" என்று அப்பா சிரித்தார். சேற்றுக்கு அடியில் அந்தத் தரை காலில் பட்டது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. பச்சை என்றால் கீழே தரை இருக்கும் என்று அன்றைக்கு என் கால் படித்துக்கொண்டது.

அந்த நேரம் பெரியப்பாவின் மகன் கட்டாரிலிருந்து லீவில் வந்து நின்றார். உடப்பில் மச்சாளைப் பெண் எடுத்து, கலியாணமும் நாலாம் சடங்கும் முடிந்து, திரும்பிப் போகும் நாள் கிட்டிவிட்டது. பஸ்ஸால் இறங்கின கையோடு அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே கண்டதெல்லாம் சொல்லி முடித்தேன்.

அண்ணன் கனக்கக் கதைக்கிற ஆளில்லை. கேட்டுவிட்டு, "தங்கச்சி, எனக்கு அந்த இடத்தில ஒரு படம் வேணும்" என்றார்.

கட்டாரில் அவர்களுடைய அறையில் இரண்டு தட்டுக் கட்டில்கள். யன்னலைத் திறந்தால் மணல், அதற்கு அங்கால் இன்னும் மணல். ஒவ்வொருவரும் தலைமாட்டுச் சுவரில் வீட்டுப் படம் ஒன்று ஒட்டிவைத்திருப்பார்களாம். அவருடைய சுவர் மட்டும் இத்தனை வருடமும் வெறுமையாக இருந்ததாம். எங்கள் ஸ்டூடியோவில் கலியாணச் சோடிகளுக்குப் பின்னால் ஒரு அருவிப் படத்தைத் தொங்கவிடுவோம். அதற்கு முன்னால் நிற்க அவர் கடைசிவரை மறுத்துவிட்டார். "உந்த அருவி எங்கட அறையில ரெண்டு பேரிட்ட இருக்கு. ஒருத்தன் நேபாளம்."

இப்படி ஒன்று கேட்டால் என்னால் நிற்க ஏலுமா? நாளைக்கே போவோம் என்றேன். நாளைக்கு விட்டால் வேறு நாளும் இல்லை, அதற்கு அடுத்த நாள் அவர் விமானம் ஏறவேண்டும். மச்சாளைக் கலியாணக் கூறைச் சேலையோடு எடுக்கவேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. கூறையில் ஒரு பொட்டு ஊத்தையும் படக்கூடாது என்பது மச்சாளின் அம்மாவுடைய ஒரே நிபந்தனை. மச்சாள் கூறையை ஒரு பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, "உங்கட தங்கச்சி எங்கள எங்க கொண்டுபோய் விடப்போறாவோ" என்று சொல்லிக்கொண்டுதான் ஓட்டோவில் ஏறினா. யாரிடமோ இரவல் வாங்கிய ஓட்டோ, அண்ணனே ஓட்டினார்.

பச்சைக்குக் கிட்ட ஒரே ஒரு வீடு இருந்தது. சின்ன வெங்காயத் தோட்டம், ஒரு கிணறு. பாதையால் போகிறவர்களுக்குக் கிணற்றடி தெரியாமல் இருக்க முஸ்லிம் அக்கா ஒருவர், ஒரு ராத்தா, கிடுகு வேலி கட்டிக்கொண்டிருந்தா. புதுத் தென்னோலைப் பின்னல், இன்னும் பச்சை மணம் போகவில்லை. அடுத்த நாள் அண்ணனுக்குப் பயணம் என்று சொல்லி, உடுப்பு மாற்ற இடம் கேட்டோம். "வீட்டுக்குள்ள போங்க. இவர் மரக்கறி ஏத்திட்டு நொரச்சோலைக்குப் போயிட்டார், ஆரும் இல்ல" என்றா. மச்சாள் போகமுதல், தனியாக மல்லுக்கட்டிய ராத்தாவுக்காகக் கிடுகின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றா. கயிறு முடிந்த பிறகுதான் உள்ளே போனா. எனக்கோ ஒவ்வொரு முடிச்சுக்கும் வெயில் இறங்குகிறதே என்ற தவிப்பு.

கூறையோடு மச்சாள் வெளியே வர, ராத்தா மேலும் கீழும் பார்த்தா. "இவ்வளவு உடுத்திட்டு எங்க பயணம்?"

களப்பைக் காட்டினேன்.

"அங்கயா? ஓரமா நிண்டு எடுங்க புள்ள" என்றுவிட்டு அடுத்த கிடுகைத் தூக்கினா. நான் அதற்குள் பாதித் தூரம் போய்விட்டேன்.

ஓரத்தில் மச்சாள் நின்றுவிட்டா. நாலைந்து ஆடுகள் கரையிலேயே மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தா, அந்த வெளியைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு பச்சை கிடக்கு. ஒரு ஆடும் அங்கால போகேல்ல, என்னத்துக்கு?" என்று கேட்டா.

"ஆட்டுக்கு எங்க மச்சாள் ரசனை?" என்றேன்.

அண்ணனும் சிரித்தார். "நீர் உதில நில்லும், நான் போய்ப் பாக்கிறன். சேறெண்டால் எனக்குச் சேறு தெரியும்" என்று காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். முதலில் அவரை மட்டும் நிறுத்தி இடத்தைச் சரிபார்ப்பது, பிறகு மச்சாளைக் கூப்பிடுவது என்று நான்தான் ஒழுங்கு சொன்னேன்.

கமெராவுக்குள் பார்த்தால் அவருடைய காலடியில் ஒரு பொலித்தீன் பை, ஆட்டுப் புழுக்கை. நியூசிலாந்தில் அதெல்லாம் இருக்காது. "இன்னும் கொஞ்சம் பின்னுக்கு அண்ணா" என்றேன். போனார். இப்போது வலப்பக்கத்தில் வெள்ளையாக உப்பு ஒரு கோடு. இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. அதுவும் சரி. வடக்கே தூரத்தில் மின் நிலையத்தின் புகைக்குழாய் நீட்டிக்கொண்டு நின்றது. அது அண்ணனின் தலைக்குப் பின்னால் மறையவேண்டும் என்று களப்புப் பக்கம் நகரச் சொன்னேன். ஒரு எட்டு. இன்னும் ஒரு எட்டு. சட்டத்துக்குள் சுற்றிவரப் பச்சை, நடுவில் அண்ணன். நான் தேடிய படம் அப்படியே வந்தது. அவர் கொஞ்சம் கட்டையாகத் தெரிந்ததை மட்டும் நான் கவனிக்கவில்லை.

கவனித்தபோது முழங்காலுக்கு மேல் போயிருந்தது.

"பயப்பிடாத, வயல் சேறுதானே. இப்ப தரை வரும்" என்றார். என் மனதிலும் அதேதான். நானும் அவரும் ஒரே மண்ணிலிருந்து வந்தவர்கள், இரண்டு பேரும் அந்தத் தரைக்காகக் காத்துக்கொண்டு நின்றோம். ஒரு காலை ஊன்றி மற்றதை இழுத்தார், ஊன்றிய கால் இன்னும் இறங்கியது. "இப்ப வரும்" என்றார் திரும்பவும். தொடை போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் அதைச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிவிட்டது. அவருடைய காலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்று அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது.

கமெராவை மச்சாளின் கையில் திணித்துவிட்டு ஓடினேன். ஓடினேன் என்பது நாலு எட்டுத்தான். ஐந்தாவதில் நானும் முழங்கால் வரை இறங்கிவிட்டேன். அவருக்கும் எனக்கும் இடையில் இரண்டு ஆள் நீளம். கையை நீட்டினால் எட்டாது, நகர்ந்தால் புதைகிறது. வாடைக் காற்று எழும்பிக் களப்புத் தண்ணீரைக் கரைப் பக்கம் தள்ளத் தொடங்கியிருந்தது. உமரிச் செடிகளின் அடியால் தண்ணீர் சத்தமில்லாமல் வந்து அவருடைய இடுப்பைச் சுற்றியது. பாதையில் ஒரு பஸ் போனது. அதற்குள் யாராவது யன்னலோரமாக இருந்து, என்ன வடிவான இடம் என்று நினைத்திருப்பார்கள்.

மச்சாள் கத்தவில்லை. கமெராவைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடினா. கூறையோடு அப்படி ஓடலாம் என்று நான் நினைத்ததேயில்லை.

வரும்போது ராத்தாவும் கூட வந்தா. ஒரு பார்வை பார்த்தா. "ரெண்டு பேரும் ஆட வாணாம். தம்பி, பின்னால சாஞ்சி இரிங்க, கதிரையில சாயிற மாதிரி" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினா. எங்களை விட்டுவிட்டுப் போகிறாவோ என்று ஒரு கணம் உயிர் போய் வந்தது. அவ போனது வேலிக்கு. காலையிலிருந்து கட்டிய கிடுகுகளைக் கத்தியால் கயிறறுத்து, ஒவ்வொன்றாக இழுத்து மண்ணில் போட்டா. மச்சாள் அவற்றை இரண்டிரண்டாகத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தா. கிணற்றடி பாதைக்குத் திறந்துபோய்விட்டது. அதை ராத்தா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கிடுகுகளைச் சேற்றுக்கு மேல் ஒன்றோடொன்று ஏறினாற்போல் பரப்பினார்கள். மச்சாள் கூறையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்தா. முதலில் என்னிடம் வந்தா. கையைப் பிடித்ததும் என்னைத் திட்டுவா என்று பார்த்தேன். "காலை ஆட்டி ஆட்டி எடும், இழுக்காதையும்" என்றா, அவ்வளவுதான். நான் ஒரு காலை எடுத்துக் கிடுகில் போட்டுப் படுத்தேன். செருப்பு சேற்றோடு போய்விட்டது. பிறகு இரண்டு பேருமாக மிச்சக் கிடுகுகளை முன்னால் தள்ளித் தள்ளி அண்ணனுக்குக் கிட்டப் போனோம்.

அவரை எடுக்கத்தான் நேரம் போனது. ஒரு காலை அசைத்து அசைத்துத் தண்ணீர் அடியில் இறங்கவிட்டு, கொஞ்சம் எடுப்பது, களைப்பாறுவது, திரும்ப அசைப்பது. ராத்தா கரையிலிருந்து விடாமல் சொல்லிக்கொண்டே நின்றா. "அவசரப்படாம. போன மாரிக்கு ஒரு மாட்ட இப்பிடித்தான் எடுத்தோம். மாட்டுக்குச் சொன்னா விளங்காது. நீங்க சொன்னதக் கேட்டா வந்துருவீங்க." அந்த நிலையிலும் அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் ஒரு பெரிய சத்தத்தோடு சேறு அவரை விட்டது. நாங்கள் மூன்று பேரும் நண்டு மாதிரி ஊர்ந்து கரைக்கு வந்தோம்.

மச்சாள் கூறையின் கரையைப் பார்த்தா. முழங்காலுக்குக் கீழே தங்கச் சரிகை இருந்த இடமெல்லாம் கறுப்புச் சேறு. பிறகு அண்ணனைப் பார்த்தா, அவருடைய தலைமயிருக்குள் சிக்கியிருந்த ஒரு உமரிக் கொத்தை இழுத்து எடுத்து அவருடைய கையில் வைத்தா. "இந்தாங்க உங்கட பச்சை. கட்டாருக்குக் கொண்டு போங்க." அதைச் சொன்ன பிறகுதான் அழுதா.

வேலிக்கு நான் என்னத்தையோ சொல்லத் தொடங்கினேன். ராத்தா விடவில்லை. "பழைய வேலியெண்டா கிடுகு முறிஞ்சி போயிருக்கும். புதுசா இருந்ததால தப்பிச்சீங்க. போய்க் கழுவுங்க முதல்ல" என்று கிணற்றில் வாளியை விட்டா. அண்ணன் கழுவின கையோடு அறுந்த கயிறுகளைப் பொறுக்கி வேலி கட்ட வெளிக்கிட்டார். "தம்பி, நீங்க நாளைக்கு பிளேனப் புடிங்க. வேலிய நாங்க புடிக்கிறோம்" என்று கயிற்றைப் பறித்து வைத்துவிட்டா.

ஓட்டோவில் ஏறப்போகும்போது அண்ணன் நின்றார். "தங்கச்சி, படம்?"

இனி என்ன படம் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. விடிந்தால் பயணம், சுவர் இன்னும் வெறுமையாக இருக்கிறது. மச்சாள்தான் முதலில் திரும்பி நடந்தா. ஓரமாக, ஆடுகள் நின்ற இடத்தில், கடைசிக் கிடுகின் மேல் இரண்டு பேரும் நின்றார்கள். ஈர உடுப்பு, சேறு பட்ட கூறை. கமெராவுக்குள் பார்த்தேன். பொலித்தீன் பை தெரிந்தது. உப்புக் கோடு தெரிந்தது. புகைக்குழாய் அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. என் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டு எடுத்தேன்.

மறுநாள் அண்ணன் போய்விட்டார். அதற்கு அடுத்த நாள் நானும் மச்சாளும் மச்சாளின் அம்மாவும் ராத்தா வீட்டுக்குப் போனோம். வேலி கட்டி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கூறையைப் பற்றி மச்சாளின் அம்மா என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுகமாக இருந்திருக்கும். நான் கட்டிய முடிச்சுகளை மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திரும்பக் கட்டினா. எத்தனையோ தரம் அலசியும் கூறையின் கரையில் ஒரு மண் நிறக் கோடு போகவில்லை. விசேஷங்களுக்குக் கட்டும்போது மச்சாள் அதைக் கொய்யக மடிப்புக்குள் மறைத்துவிடுவா. இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தால் காலால் மிதிப்பா.

படம் கட்டார்ச் சுவரில் ஏறியது. அறைக்காரர்கள் இது எந்த நாடு என்று கேட்டார்களாம். பங்களாதேஷ்காரர் ஒருவர் மட்டும் நாட்டைக் கேட்கவில்லையாம். கிட்ட வந்து அவர்கள் எதற்கு மேல் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அண்ணனின் காலைத் தட்டிச் சிரித்தாராம். தொலைபேசியில் இதைச் சொல்லும்போது அண்ணனும் அப்படிச் சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு போதவில்லை. நான் சேர்த்துவைத்த படங்களையெல்லாம் திரும்பத் திறந்தேன். குரோஷிய ஏரிகளில், பச்சைத் தண்ணீருக்கு மேலால் வளைந்து வளைந்து ஒரு பலகைப் பாதை போகிறது. அயர்லாந்தின் சதுப்புகளிலும் பலகை போட்டிருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் அந்தப் பாசியில் மிதிக்கவே விடமாட்டார்கள், மிதித்த இடம் திரும்ப வளரப் பல வருடம் எடுக்குமாம். இத்தனை வருடமும் அந்தப் பலகைகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், படத்தின் அழகுக்குப் போட்டது என்று. சில நேரம் விரலால் பெரிதாக்கி, அந்தப் பலகை தெரியாமல் வெட்டியும் வைத்திருக்கிறேன்.

இந்த மாரிக்கு அண்ணன் லீவில் வருகிறார், அந்தப் பச்சைக்குள் நாங்களும் ஒரு பலகைப் பாதை போடப்போகிறோம். ராத்தாவின் வளவில் காற்றுக்கு விழுந்த தென்னை ஒன்று கிடக்கிறது, அதைப் பிளந்து பலகையாக்கலாம் என்று அவவுடைய கணவர் சொல்லியிருக்கிறார். அடியில் கிடுகு, மேலே பலகை, பச்சை காய்ந்ததும் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவது என்று பேச்சு. உப்புத் தரையில் எத்தனை பலகை தாங்கும், எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒருவருக்கும் தெரியாது. "மூணு பலகைக்கு மேல போனா நான் வரமாட்டேன்" என்று ராத்தா இப்போதே சொல்லிவிட்டா. கிடுகு பின்ன மச்சாள் கிழமைக்கு ஒருநாள் அங்கே போகிறா. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வானத்தைப் பார்க்கிறேன், இன்னும் ஒரு முகிலையும் காணவில்லை.

பச்சையைக் கண்டால் இன்றைக்கும் என் கால் நிற்காது, அது மாறவில்லை. ஆனால் என்னை நம்பிய ஒருவரைப் பின்னுக்குப் பின்னுக்கு அனுப்பிவிட்டு நான் கெட்டித் தரையில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால் இன்னும் உள்ளங்கால் கூசுகிறது. அதனால் இந்த முறை கமெரா மச்சாளின் கையில் இருக்கும். முதல் பலகையைப் போட்டு, கம்பால் குத்திப் பார்த்து, அதன்மேல் ஏறி நிற்கப்போவது நான்.